இடதுகைப் பிள்ளைக்குக் கிட்டார்: கடையில் தேர்ந்தெடுப்பது முதல் வீட்டில் சேர்ந்து பாடுவது வரை

வீட்டில் எல்லாருக்கும் பாட்டு பிடிக்கும். காலையில் ஒலி 96.8, இரவில் அம்மாவின் முணுமுணுப்பு, வெள்ளிக்கிழமை பாட்டியின் பக்திப்பாடல். இப்போது மகள் கிட்டார் கேட்கிறாள். அவளோ எழுதுவது, பந்து எறிவது, பல் துலக்குவது எல்லாம் இடது கையால். இந்த நிலையில் இருக்கும் பெற்றோர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பையனுக்கும் இதேதான் பொருந்தும்; பெரியவர்கள் தங்களுக்கு வாங்கிக்கொள்வதற்கும் பொருந்தும்.

இதில் முடிவு செய்யவேண்டியவை இரண்டு. தாளம் எந்தக் கையில் இருக்கிறதோ அந்தக் கைதான் கம்பியை மீட்டவேண்டும். அடுத்து, பிள்ளை யாரோடு சேர்ந்து பாடப்போகிறாள் என்பதைப் பார்த்துத்தான் கிட்டாரின் வகையை முடிவு செய்யவேண்டும். தனியாக அறைக்குள் உட்கார்ந்து பயிற்சி மட்டுமே செய்யும் பிள்ளைகள் பலர் சில மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். வீட்டார் கூடப் பாடினால் கிட்டார் அலமாரிக்கு மேல் போய்ச் சேராது.

முதலில் கையைக் கண்டுபிடியுங்கள்

எழுதும் கை இடது என்பதால் மட்டும் இடதுகைக் கிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளர் இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக் கிட்டார்தான் வாசிக்கிறார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் கதை இதற்கு நேர்மாறு. வலதுகைக் கிட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், ஸ்லிம் விட்மன் என்ற பாடகர் கிட்டாரை மறுபக்கம் பிடித்திருந்த படத்தைப் பார்த்த பிறகே கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொண்டார்.

வீட்டிலேயே செய்து பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. பிள்ளைக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, "கிட்டார் வாசிக்கிற மாதிரி செய்து காட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். எப்படிப் பிடிப்பது என்று நீங்கள் காட்டவேண்டாம். எந்தக் கை கீழும் மேலும் போகிறது என்று பாருங்கள். வேறொரு நாள், அவள் மறந்திருக்கும் நேரத்தில், திரும்பவும் கேளுங்கள். பாட்டுக் கேட்கும்போது தொடையில் தட்டும் கை எது என்பதையும் கவனியுங்கள். பாட்டு வகுப்பில் வலது கையால் தாளம் போடச் சொல்லிப் பழக்கியிருந்தால் இந்தக் கடைசிச் சோதனை மட்டும் சரியாக வராது.

கம்பியை அழுத்தும் கை ஓர் இடத்துக்குப் போய்க் கொஞ்சம் காத்திருக்கலாம். மீட்டும் கை நிற்கவே கூடாது. காலப்பிரமாணம் முழுக்க அந்தக் கையில்தான். அதனால்தான் இயல்பாக ஆடும் கையை அந்த வேலைக்கு விடவேண்டும் என்கிறேன். "இடது கைதானே அவளுக்குப் பலம், வலதுகைக் கிட்டாரில் அழுத்துகிற வேலை இடது கைக்கு, அப்போது அது வசதிதானே" என்று கடைக்காரர்களும் சில ஆசிரியர்களும் சொல்வார்கள். சிலருக்கு அது சரியாகவும் வரும். ஆனால் அழுத்தும் விரல்களின் பலம் எல்லாருக்கும் பழகப் பழக வந்துவிடுகிறது. ஆடாத கையில் தாளத்தை வரவழைப்பதுதான் கடினம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுலபமாக இருக்கிறது என்று பிள்ளையே சொன்னால் வலதுகைக் கிட்டாரே வாங்கிவிடுங்கள். தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும், விலையும் குறையும், நண்பர் வீட்டில் இருக்கும் கிட்டாரையும் எடுத்து வாசிக்கலாம்.

என் அக்கா மகளைக் கடைக்குக் கூட்டிப்போனபோது முதலில் வலதுகைக் கிட்டாரைத்தான் மடியில் வைத்தார்கள். இரண்டு தரம் மீட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். கம்பிகள் தலைகீழாக இருந்ததை அவள் பொருட்படுத்தவில்லை. "மாமா, இப்படிப் பிடிச்சாத்தான் கை தானா ஆடுது" என்றாள். அதற்கு மேல் எனக்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை.

வீட்டுப் பெரியவர்கள் தயங்கக்கூடும். சோற்றுக்கையால் செய்யவேண்டியதை நொட்டாங்கையால் செய்யலாமா, அதுவும் சரஸ்வதி பூசையில் வைக்கிற வாத்தியத்தை என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சொல்லுங்கள். மிருதங்க மேதைகளில் ஒருவரான அவர் இடதுகைக்காரர். அவர் மேடையேறினால் வயலின்காரர் வழக்கமான இடத்தை விட்டு மறுபக்கம் மாறி உட்காரவேண்டும். அதற்குச் சிலர் இணங்கவில்லை. பெரும் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணையாக நின்று தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்தார். இதைக் கேட்ட பிறகு எந்தப் பாட்டியும் மறுத்து நான் பார்த்ததில்லை.

வலதுகைக் கிட்டாரைத் திருப்பிக் கட்டினால் போதாதா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய கிட்டார் இருந்தால் கட்டாயம் கேட்பார்கள். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலதுகை ஸ்ட்ராடோகாஸ்டர் மின்கிட்டாரைத் திருப்பிப் பிடித்துக் கம்பிகளை மாற்றிக் கட்டித்தான் வாசித்தார். புளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங் கம்பியைக்கூட மாற்றவில்லை. தடித்த கம்பி கீழே இருக்க அப்படியே வாசித்தார். ஆகவே முடியாது என்று சொல்லமுடியாது. ஆனால் பழகத் தொடங்கும் பிள்ளைக்கு எது தடையாக இருக்கும் என்று பார்க்கவேண்டும்.

கிட்டாரின் கழுத்து தலைப்பகுதியோடு சேரும் இடத்தில், கம்பிகள் உட்காரும் சின்ன வெள்ளைத் துண்டு ஒன்று இருக்கும். அதை நட் என்பார்கள். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனிப் பள்ளம். எஃகுக் கம்பிக் கிட்டாரில் பரவலாகப் போடும் மெல்லிய செட்டில் தடித்த கம்பி சுமார் 1.3 மில்லிமீட்டர், மெல்லிய கம்பி 0.3 மில்லிமீட்டர். கம்பிகளை இடம் மாற்றினால் தடித்த கம்பி மெல்லிய பள்ளத்தில் இறங்காமல் மேலே தூக்கி நிற்கும். மெல்லிய கம்பி அகன்ற பள்ளத்தில் ஆடி இரையும். இதை மட்டும் சரிசெய்வது பெரிய வேலை இல்லை, நட்டை மாற்றிவிடலாம்.

மறுமுனையில், கிட்டாரின் உடல் பக்கம், கம்பிகளைத் தாங்கும் சாடில் என்ற துண்டுதான் சிக்கல். எஃகுக் கம்பிக் கிட்டாரில் அது நேராக இருக்காது, சற்றுச் சாய்ந்திருக்கும். தடித்த கம்பியின் நீளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் விரல் கழுத்தில் உடலை நோக்கிப் போகப்போகச் சுருதி நிற்கும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கம்பியைத் திருப்பிக் கட்டும்போது இந்தச் சாய்வு தலைகீழாகிவிடும். அழுத்தாத கம்பிகள் சுருதியோடு இருக்கும், ஆனால் விரல் உடலை நோக்கிப் போனால் தடித்த கம்பிகள் சுருதி ஏறி ஒலிக்கும். நல்ல காது உள்ள பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரியும், காரணம் தெரியாது. தன் விரல்தான் தப்புச் செய்கிறது என்று நினைத்துக்கொள்ளும். பலகைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தாங்குக் கட்டைகளும் எஃகுக் கம்பிக் கிட்டாரில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. அவற்றை மாற்றவும் முடியாது.

நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிட்டார் என்றால் கதை வேறு. அதில் சாடில் பெரும்பாலும் நேராகவே இருக்கும், உள்ளே கட்டைகளும் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாக விசிறிபோல இருக்கும். நட்டையும் சாடிலையும் மாற்றிக் கம்பியைத் திருப்பிக் கட்டினால் நல்ல இடதுகைக் கிட்டார் கிடைத்துவிடும். சிறு பிள்ளைகளுக்கான அளவில் இடதுகைக் கிட்டார் கிடைப்பது அரிது என்பதால் இது உண்மையிலேயே பயன்படும் வழி. யுகுலேலியும் இப்படித்தான்: நான்கே கம்பி, சிறிய உடல், திருப்பிக் கட்டுவது சுலபம். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

வகையும் அளவும்

பாட்டோடு சேர்ந்து மீட்டுவதுதான் நோக்கம் என்றால் நைலான் கம்பியில் தொடங்கலாம். விரல் நுனி அவ்வளவாக வலிக்காது, ஒலியும் மென்மை. குறை என்னவென்றால் கழுத்து அகலம்: நட் அருகே சுமார் 52 மில்லிமீட்டர். எஃகுக் கம்பிக் கிட்டாரில் சுமார் 43 தான். பத்துப் பேர் உரக்கப் பாடும் வீட்டில் நைலான் கொஞ்சம் அமுங்கிப்போகும். அங்கே எஃகுக் கம்பி நன்றாக இருக்கும். மின்கிட்டாரை முதல் கிட்டாராக நான் பரிந்துரைப்பதில்லை. கம்பி மெல்லியது, விரலுக்குச் சுலபம் என்பது உண்மைதான். ஆனால் பாட்டி பாட ஆரம்பித்ததும் சட்டென்று எடுத்து வாசிக்க முடியாது. பதின்ம வயதுப் பையன் ராக் இசைக்காகவே கேட்கிறான் என்றால் வேறு பேச்சு, அவன் ஆசைப்படுவதையே வாங்கிக்கொடுங்கள்.

அளவை வயதை வைத்துத் தோராயமாகச் சொல்லலாம். ஐந்து முதல் எட்டு வயதுவரை அரை அளவு, எட்டு முதல் பதினொன்றுவரை முக்கால், அதற்கு மேல் முழு அளவு. முழு அளவுக் கிளாசிக்கல் கிட்டாரில் கம்பி நீளம் 650 மில்லிமீட்டர், முக்கால் அளவில் சுமார் 580. வயதைவிட உடம்பைப் பாருங்கள். உட்கார்ந்து பிடித்தால் முதல் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் தலைப்பகுதிக்கு அருகே இருப்பதை) எட்டும்போது முழங்கை விறைத்து நீளக்கூடாது, தோள் தூக்கக்கூடாது.

முழு அளவில் இடதுகைக்கென்றே செய்தவை தேடினால் கிடைக்கும். யமஹா எஃப்ஜி820எல் என்பது பலரும் தொடங்கும் எஃகுக் கம்பிக் கிட்டார். கடைசியில் வரும் 'எல்' இடதுகையைக் குறிக்கும். மின்கிட்டாரில் யமஹா பசிஃபிகா 112ஜெஎல், ஸ்கொயரின் இடதுகை ஸ்ட்ராடோகாஸ்டர் ஆகியவை இருக்கின்றன.

எங்கே தேடுவது, கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது

சிங்கப்பூரில் நகர மண்டப எம்ஆர்டி அருகே பெனின்சுலா ஷாப்பிங் சென்டரிலும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸிலும் இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. ஒரே மாலையில் இரண்டையும் பார்த்துவிடலாம். போவதற்கு முன்னால் தொலைபேசியில் கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் இடதுகைக் கிட்டார் ஒன்றிரண்டுதான் இருக்கும், சில கடைகளில் சொல்லிவைத்தால்தான் வரவழைப்பார்கள். "இடதுகைக்கென்றே செய்ததா, இங்கே மாற்றியதா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். மாற்றியது என்றால் நட்டையும் சாடிலையும் மாற்றினார்களா என்று அடுத்த கேள்வி.

பதிலை நம்புவதோடு நிற்காமல் நீங்களும் பாருங்கள். வாசிக்கும் நிலையில் பிள்ளை பிடித்திருக்கும்போது, கழுத்தின் மேல் விளிம்பில், அதாவது அவள் குனிந்தால் கண்ணில் படும் பக்கத்தில், சின்னப் புள்ளிகள் இருக்கவேண்டும். அவை தரையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் அது திருப்பிய வலதுகைக் கிட்டார். தடித்த கம்பி தன் பள்ளத்தில் பாதியாவது இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் 12ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம்: எஃகுக் கம்பியில் தடித்த பக்கம் சுமார் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2. நைலானில் சுமார் 4, 3. இதைவிட உயரமாக இருந்தால் பிள்ளை அழுத்த முடியாமல் தவிக்கும். விலை குறைந்த கிட்டார்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன, கடையிலேயே இறக்கித் தரச் சொல்லுங்கள். ஃப்ரெட் கம்பிகளின் ஓரங்கள் உள்ளங்கையைக் கீறுகின்றனவா என்று கழுத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். கடைசியாக, கைப்பேசியில் ஒரு டியூனர் செயலியைத் திறந்து, ஒவ்வொரு கம்பியையும் அழுத்தாமலும் 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தியும் மீட்டுங்கள். இரண்டிலும் முள் நடுவில் நிற்கவேண்டும்.

கரோசல் விற்பனைச் செயலியில் பழைய கிட்டார் தேடுகிறீர்கள் என்றால் படத்தில் தலைப்பகுதியில் இருக்கும் பெயரைப் படியுங்கள். கண்ணாடி முன்னால் நின்று எடுத்த படத்தில் வலதுகைக் கிட்டாரும் இடதுகைக் கிட்டார்போலத் தெரியும். பெயர் திரும்பியிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் அனுப்பும் செலவோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவது பெரிய தலைவலி. முதல் கிட்டாரைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதே நல்லது.

நம் ஊர் ஈரம்

கிட்டாருக்கு ஏற்ற காற்று ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. சிங்கப்பூரில் சராசரியே 80 விழுக்காட்டைத் தாண்டும். ஈரம் குடித்த பலகை உப்பும். உப்பினால் கம்பி உயரும். போன மாதம் சுலபமாக வந்த கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க விடும் விரல் பிடி) இந்த மாதம் வராது. பிள்ளைக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். முழுப் பலகையில் செய்த மேல்பாகம் ஒலியில் சிறந்தது, ஆனால் ஈரத்துக்கு அதிகம் அசையும். ஒட்டுப் பலகைக் கிட்டார் இந்த ஊரில் கூடுதலாகத் தாங்கும், சிறு பிள்ளைக்கு அதுவே போதும்.

பாம் ஷெல்ட்டரில் வைக்காதீர்கள். காற்றோட்டம் இல்லாத அந்த அறையில் கிட்டார் பூஞ்சை பிடித்துவிடும். மழைச்சாரல் அடிக்கும் சன்னல் ஓரமும் வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வேண்டாம். வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள், ஈரத்தை இழுக்கவும் விடவும் செய்யும் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போட்டுவிடுங்கள். வீட்டில் கேமராவுக்கு டிரை கேபினட் வைத்திருப்பவர்கள் கிட்டாரையும் அதில் வைக்க நினைப்பார்கள், முழு கிட்டார் நுழையும் அளவுக்குப் பெரியது வேண்டும். வாசித்து முடித்ததும் கம்பிகளை மெல்லிய துணியால் துடைக்கப் பழக்குங்கள். நம் வியர்வையில் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கற்றுக்கொள்வது

இடதுகை ஆசிரியரைத் தேடி அலையவேண்டியதில்லை. வலதுகை ஆசிரியர் எதிரே உட்கார்ந்தால் அவர் பிள்ளைக்குக் கண்ணாடிபோல ஆகிவிடுகிறார். அவர் கிட்டாரின் கழுத்து எந்தப் பக்கம் நீள்கிறதோ அதே பக்கம்தான் அவளுடையதும். காணொளியில் கற்பதற்கும் இது பொருந்தும். வலதுகைப் பிள்ளைகளைவிட இவளுக்கு இது வசதி. கார்ட் படங்கள் மட்டும் இடம் வலம் மாறியவையாக வேண்டும், இடதுகைக்கென்றே அச்சிட்டவை கிடைக்கின்றன. கம்பியை எண்ணால் குறிக்கும் டேப் முறை எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே உதவும். ஆசிரியரிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: "வலதுகைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வீர்களா?" ஆமாம் என்றால் வேறு ஆசிரியரைப் பாருங்கள்.

வீட்டோடு சேர்ந்து பாடும்போது

உட்காரும் இடத்திலிருந்து தொடங்குவோம். வீவக வீட்டுச் சோபாவில் அப்பாவும் மகளும் அருகருகே வாசிப்பதாக இருந்தால், இடதுகைக்காரர் மற்றவரின் வலப்பக்கம் உட்காரவேண்டும். இரண்டு கிட்டார்களின் கழுத்தும் வெளிப்பக்கமாக நீளும், இடிக்காது. மாறி உட்கார்ந்தால் இரண்டும் நடுவில் மோதிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது சுருதி. பிள்ளை பயிற்சி செய்த சுருதியில் அம்மாவுக்குப் பாட வராது, அம்மாவின் சுருதி அப்பாவுக்கு எட்டாது. இதற்குத்தான் கேப்போ: கழுத்தின் குறுக்கே எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றுவது. பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் இந்தக் கவ்வி இல்லாமல் குடும்பப் பாட்டு நடக்காது. நம் வீட்டுப் பாடகர்கள் கட்டைக் கணக்கில்தான் பேசுவார்கள் என்பதால் அதற்கேற்பச் சொல்கிறேன். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை டி, நான்கு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி, ஆறு கட்டை ஏ. பிள்ளைக்கு ஜி, சி, டி என்ற மூன்று கார்ட் தெரிந்தால் போதும். அம்மா ஐந்து கட்டையில் பாடினால் கேப்போ வேண்டாம். ஐந்தரை என்றால் முதல் ஃப்ரெட், ஆறு என்றால் இரண்டாவது ஃப்ரெட். விரல் வைக்கும் முறை மாறவே மாறாது. டி, ஜி, ஏ தெரிந்த பிறகு நான்கு கட்டை கேட்டால் மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி வடிவத்தில் தொடங்கலாம். எஃப் கார்டோடு போராடவேண்டியதில்லை.

சங்கராபரணத்தின் சாயலில் வரும் பாட்டுகளுக்கும் நடபைரவியின் சாயலில் வரும் திரைப்பாடல்களுக்கும் மூன்று நான்கு கார்ட் அழகாகப் பொருந்தும். கமகம் நிறைந்த பாட்டுக்கு, பாட்டி பாடும் மாயாமாளவகௌளைக்கு, கார்ட் போட்டால் பாட்டை உடைத்துவிடும். அங்கே கிட்டாரைத் தம்புராவாக ஆக்கிவிடலாம். ஆறாவது கம்பியை, அதாவது மிகத் தடித்ததை, ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இப்போது தடித்த மூன்று கம்பிகளும் டி, ஏ, டி; அதாவது ச, ப, ச. எதையும் அழுத்தாமல் அவற்றை மட்டும் மெல்ல மீட்டினால் இரண்டு கட்டைச் சுருதி. ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் ஐந்து கட்டை. ஒரு கார்டும் தெரியாத பிள்ளைகூட வாங்கிய அன்றே பாட்டிக்குத் துணை வாசிக்கலாம். இதில் கிடைக்கும் பெருமை பிள்ளையின் முகத்தில் தெரியும், பாட்டியின் முகத்திலும்.

தாளத்துக்கு நம்மிடம் இருக்கும் சொற்கட்டே போதும். நான்கு நடைக்குத் 'தகதிமி' சொல்லிக்கொண்டு த-வுக்கும் தி-க்கும் கை கீழே, க-வுக்கும் மி-க்கும் மேலே. தாலாட்டும் தெம்மாங்கும் போன்ற மூன்று நடைக்குத் 'தகிட தகிட', ஒவ்வொரு த-வும் அழுத்தமாக, மற்றவை லேசாக. முதல் சில நாள் கம்பியை அழுத்தாமல் மூடிப் பிடித்துக்கொண்டு மீட்டும் கை மட்டும் இப்படி ஓடட்டும், மற்றவர்கள் கைதட்டிப் பாடட்டும்.

நேரம் குறைவாக இருக்கட்டும், அடிக்கடி இருக்கட்டும். விரல் நுனி காய்க்கச் சில வாரம் ஆகும். அதுவரை பத்து நிமிடமே போதும். இரவு 10 மணியோடு நிறுத்திக்கொண்டால் அண்டை வீட்டாருக்கும் தொல்லையில்லை. அதற்குப் பிறகும் வாசிக்க ஆசைப்பட்டால் சாடில் அருகே கம்பிகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டையைச் செருகிவிடலாம்.

சேர்ந்து கேட்பதையும் விடாதீர்கள். எஸ்பிளனேட்டின் திறந்தவெளி அரங்கில் இலவச நிகழ்ச்சிகள் நடக்கின்றன, நவம்பர் வாக்கில் அங்கே கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா வரும். பூமலையின் (தாவரவியல் பூங்கா) சிம்பொனி ஏரிக்கரையில் பாயை விரித்து உட்கார்ந்தும் கேட்கலாம். கிட்டார்காரர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். மேடையில் இருப்பவரின் கையைப் பார்த்து, தன் கையால் காற்றில் மீட்டிப் பார்ப்பாள்.

முக்கால் அளவு சிறிதாகிவிட்டதும் உடனே விற்றுவிடாதீர்கள். இடதுகைச் சின்னக் கிட்டார் தேடும் பெற்றோர் எப்போதும் இருப்பார்கள், ஆகவே அவசரமில்லை. முழு அளவுக்கு மாறும் முதல் சில மாதங்களில் கை வலிக்கும் நாளில் பிள்ளை பழையதைத்தான் எடுப்பாள். புதியது கைக்குப் பழகிய பிறகு புதுக் கம்பி மாட்டி, 'இடதுகைக்கு மாற்றியது, நட்டும் சாடிலும் புதியவை' என்று தெளிவாக எழுதிக் கரோசலில் போடுங்கள்.